உயிர் குடிக்காத துப்பாக்கியா?



சில வாரங்களுக்கு முன்னர், மஃரிபுக்குப் பிந்தைய பாடவேளை முடிந்து கிதாபுகளை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயது மாணவனொருவன் தயங்கியபடி வந்து நின்றான். "ஹஸ்ரத், வெளிநாட்டுப் போலீஸ் கையிலே கரண்ட் துப்பாக்கி வெச்சிருக்காங்களாம். அதாலே சுட்டா ஆள் விழுவாங்களாம், ஆனா மவ்த்தாக மாட்டாங்களாம். எங்க மாமா சொன்னாங்க. அப்படின்னா எல்லாப் போலீசுக்கும் அதையே கொடுத்துடலாம்தானே?" என்று கேட்டான்.

"ஆம், கொடுத்துவிடலாம்" என்று சொல்லி அனுப்பிவிடவே நா எழுந்தது. ஈயக் குண்டைவிட மின்சாரம் மேலானது என்பது எவருக்கும் தோன்றக்கூடிய எண்ணந்தானே! ஆயினும், அறியாத ஒன்றை அறிந்தவன்போல் பிள்ளைகளிடம் சொல்லலாகாது என்பதால், "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று தவணை வாங்கிக்கொண்டேன். கலைப்பட்டதாரியாகிய எனக்கு மின்சாரம் பற்றித் தெரிந்ததெல்லாம் எரிந்துபோன ஃப்யூஸ் கம்பியை மாற்றும் அளவுக்குத்தான். ஆகவே படிக்க வேண்டியிருந்தது. படித்தவற்றுள் முதலாவதாக என் உறக்கத்தைக் கெடுத்த நிகழ்ச்சியையே முதலில் உங்களிடம் சொல்கிறேன்.

வான்கூவர் விமான நிலையத்தில்

2007ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள். போலந்து நாட்டைச் சேர்ந்த ராபர்ட் ஜெகான்ஸ்கி என்ற நாற்பது வயது மனிதர், கனடாவில் குடியேறியிருந்த தம் தாயாருடன் சேர்ந்து வாழ்வதற்காக வான்கூவர் நகரில் வந்து இறங்கினார். ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் அறியாதவர். பெட்டிகள் வந்து சேரும் கூடத்தில் தம்மைச் சந்திப்பதாகத் தாயார் சொல்லியிருந்தாராம். பாவம், அக்கூடத்திற்குள் வெளியார் எவரும் நுழைய முடியாது என்பதைத் தாயும் அறியவில்லை, மகனும் அறியவில்லை. மகன் உள்ளே காத்திருந்தார். தாய் வெளியே காத்திருந்தார். இருவருக்கும் இடையில் ஒரு சுவர். விசாரித்த தாயாரிடம், அப்படியொருவர் இங்கு இல்லை என்று சொல்லப்பட்டது. மணிக்கணக்கில் நின்று சோர்ந்த அவர், தொலைவில் கம்லூப்ஸ் என்ற ஊரிலிருந்த தம் இல்லத்திற்குத் திரும்பிச் சென்றார்.

ஏறத்தாழப் பத்து மணி நேரம் அங்கேயே அலைந்த பின்னர், நள்ளிரவு கடந்த வேளையில் அம்மனிதர் நிலைகுலைந்தார். நாற்காலியைத் தூக்கினார், கணினி ஒன்றைத் தரையில் எறிந்தார், தம் மொழியில் ஏதேதோ கூவினார். தேசியக் காவற்படையினர் நால்வர் வந்தனர். வந்து அரை நிமிடம் ஆகுமுன்னரே மின்னதிர்ச்சித் துப்பாக்கி இயக்கப்பட்டது. அவர் கையில் அப்போது இருந்தது காகிதம் தைக்கும் ஒரு ஸ்டேப்ளர். அலறி விழுந்தவர்மீது மீண்டும் மீண்டும், மொத்தம் ஐந்து முறை மின்சாரம் பாய்ச்சப்பட்டது. சில நிமிடங்களில் அவ்விடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. மதுவோ போதைப்பொருளோ அவர் உடலில் இல்லை என்று பின்னர் தெரியவந்தது.

அருகில் நின்ற பயணியொருவர் தம் கேமராவில் இதனைப் பதிவு செய்திராவிடில், "வெறிகொண்டு தாக்க வந்தான்" என்ற ஒரு வரியோடு கதை முடிந்திருக்கும். அப்படம் வெளியான பிறகே நாடு கொதித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி தாமஸ் பிரெய்ட்வுட் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அத்துப்பாக்கியைப் பயன்படுத்தியதற்கு நியாயம் இல்லை என்று 2010ஆம் ஆண்டு அவர் எழுதினார். காவற்படை தாயாரிடம் மன்னிப்புக் கோரியது. 2013இல் மரண விசாரணை அதிகாரி இதனைப் பிறரால் நேர்ந்த மரணம் என்று வகைப்படுத்தினார். விசாரணையில் பொய்யுரைத்ததற்காக நால்வருள் இருவர் தண்டனை பெற்றனர். அத்தண்டனையைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2017இல் உறுதி செய்தது.

ஐம்பதாயிரம் வோல்ட் என்னும் மிரட்டல்

இனி அக்கருவியைப் பற்றி. ஜாக் கவர் என்ற அமெரிக்க அறிவியலாளர், 1969ஆம் ஆண்டு தொடங்கி 1974இல் இதனை உருவாக்கி முடித்தார். சிறுவயதில் தாம் விரும்பிப் படித்த டாம் ஸ்விஃப்ட் என்னும் கதைநாயகனின் 'மின்சாரத் துப்பாக்கி'யை நினைத்து, அப்பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து 'டேஸர்' என்று பெயரிட்டார். சிறுவர் கதையொன்றின் பெயர் இன்று மருத்துவ இதழ்களிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் இடம்பெற்றிருப்பது விந்தையே. முதலில் வெடிமருந்தின் விசையால் இயங்கியதால் அமெரிக்க அரசு இதனைச் சுடுகருவி என்றே கணக்கில் வைத்தது. 1993இல் ஸ்மித் சகோதரர்கள் நிறுவிய நிறுவனம் வெடிமருந்துக்குப் பதிலாக அழுத்தப்பட்ட நைட்ரஜன் வாயுவைப் புகுத்தியது. அந்நிறுவனமே 2017இல் ஆக்ஸான் எனத் தன் பெயரை மாற்றிக்கொண்டது.

விசையை அழுத்தினால் முள் பொருத்திய இரண்டு சிற்றம்புகள் பாய்ந்து உடலில் தைக்கும். அவற்றோடு மெல்லிய கம்பிகள் இணைந்திருக்கும். அக்கம்பிகளின் வழியே மின்சாரம் துடிப்புத் துடிப்பாகச் செல்லும். 2003இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய எக்ஸ்-26 என்ற வகையில் ஒரு நொடிக்கு 19 துடிப்புகள். ஒருமுறை அழுத்தினால் ஐந்து நொடிகள். விரலை எடுக்காவிட்டால் எடுக்கும்வரை நீளும். அம்பு எய்யாமல் கருவியின் முனையையே உடலில் வைத்து அழுத்தும் முறையும் உண்டு. அதனால் ஆள் செயலிழப்பதில்லை, வலி மட்டுமே உண்டாகும்.

ஐம்பதாயிரம் வோல்ட் என்று கேட்டவுடன் நாம் நடுங்குகிறோம். நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட்தானே! ஆனால் கொல்வது வோல்ட் அன்று. உடலின் ஊடே ஓடும் மின்னோட்டமே கொல்லும். மாடித் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், குழாய் ஊசித்துளையாக இருந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் நீர் வரும் அல்லவா? நைலான் துணியைக் கழற்றும்போது 'பட்' என்று தெறிக்கும் பொறியிலும் பல்லாயிரம் வோல்ட் உண்டு. அதனால் ஒருவரும் மாண்டதில்லை. எக்ஸ்-26 கருவியில் அம்பு தைத்தபின் உடலில் விழும் அழுத்தம் ஏறத்தாழ 1,200 வோல்ட். சராசரி மின்னோட்டம் 2.1 மில்லி ஆம்பியர். இதனைக் காட்டியே, அஞ்ச வேண்டியதில்லை என்று உற்பத்தியாளர் கூறிவந்தனர்.

சராசரி என்பது ஏமாற்றுக்காரச் சொல் என்பதை இங்கே நினைவில் வையுங்கள். ஒவ்வொரு துடிப்பும் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கிறது. அச்சிறு நேரத்தின் உச்சத்தில் ஓடும் மின்னோட்டம் சராசரியைவிடப் பன்மடங்கு பெரியது. இடைவெளிகளையும் சேர்த்து வகுத்தால் எந்த எண்ணும் சிறுத்துத்தான் போகும்.

இதயம் கேட்கும் தாளம்

நம் இதயமும் மின்சாரத்தால் இயங்கும் உறுப்பே. அதன் மேலறையில் பிறக்கும் சிறு மின் தூண்டல் கீழறைகளுக்குப் பரவ, அவை சுருங்கிக் குருதியைச் செலுத்துகின்றன. வெளியிலிருந்து வேறொரு மின் துடிப்பு வந்து இதயத்தைத் தொட்டுவிட்டால், அது தன் தாளத்தை விட்டுப் புதிய தாளத்தைப் பின்பற்றத் தொடங்கலாம். நொடிக்கு 19 துடிப்புகளை எந்த இதயமும் முழுமையாகப் பின்பற்ற இயலாது; இரண்டு மூன்றுக்கு ஒன்றாகப் பின்பற்றினால்கூட, துடிப்பு நிமிடத்திற்கு இருநூறைத் தாண்டிவிடும். அவ்வேகத்தில் கீழறைகள் சுருங்குவதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கலாம். குருதி மூளைக்குச் செல்லாது. சில நொடிகளில் நினைவு தப்பும். டிஃபிப்ரிலேட்டர் கருவியைக் கொண்டு சில நிமிடங்களுக்குள் மீட்காவிடில் மரணமே.

அம்பு எங்கே தைக்கிறது என்பதே இதில் முதன்மையான கேள்வி. தொடையிலோ முதுகிலோ தைத்தால் இதயம் தொலைவில் இருக்கிறது. நெஞ்சில், அதுவும் மெலிந்த உடலில், இதயத்திற்கு நேர்மேலே தைத்தால் இடைவெளி விரற்கடை அளவே. டொரான்டோ மருத்துவர்கள் 2006இல் பன்றிகளை வைத்து நடத்திய சோதனையில், நெஞ்சின் குறுக்கே பாய்ச்சிய மின்சாரம் பெரும்பாலும் இதயத்தைத் தன் வழிக்கு இழுத்ததைக் கண்டனர். அச்சத்தில் சுரக்கும் அட்ரீனலினைச் செலுத்திய பிறகு செய்தபோது, ஒன்றுக்கு அந்த மரண நடுக்கமே ஏற்பட்டது. இண்டியானா பல்கலைக்கழகத்தின் இதயநோய் வல்லுநர் டக்ளஸ் ஜைப்ஸ், நெஞ்சில் அம்பு தைத்தபின் நினைவிழந்த எட்டுப் பேரின் குறிப்புகளை ஆராய்ந்து, இக்கருவி இதயத்தை நிறுத்த வல்லது என்று 2012இல் எழுதினார். நிறுவனத்திற்கு எதிரான வழக்குகளில் அவர் நிபுணர் சாட்சியாக நின்றவர் என்பதை எதிர்த்தரப்பினர் சுட்டிக்காட்டினர். அதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 2009இல், நெஞ்சைக் குறிவைப்பதைத் தவிர்த்துக் கீழே குறிவையுங்கள் என்று அந்நிறுவனமே காவல்துறைகளுக்கு அறிவுறுத்தியிருந்ததே! ஆபத்தே இல்லாத இடத்திற்கு எச்சரிக்கைப் பலகை எதற்கு?

இதயம் மட்டுமன்று. உடலின் தசைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் இறுகிவிடுவதால் மனிதன் மரம் சாய்வதுபோல் சாய்கிறான். கையை ஊன்றித் தலையைக் காக்க அவனால் முடிவதில்லை. சாலையின் சிமெண்டுத் தளத்திலோ, மாடிப்படியிலோ, நீர்நிலை ஓரத்திலோ இது நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் 2005ஆம் ஆண்டு, சீட் பெல்ட் அணியாததற்காக நிறுத்தப்பட்ட ஓர் இளைஞர், ஆயுதமேதும் இன்றிச் சற்றுத் தொலைவில் நின்றபோது சுடப்பட்டு, முகம் குப்புற விழுந்து நான்கு முன்பற்கள் உடைந்தன. இது மிகையான வன்முறை என்றே மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. பயிற்சியின்போது தம்மீது செலுத்திப் பார்க்க இசைந்த ஒரு காவல் அதிகாரிக்கு, தசைகள் இறுகிய வேகத்திலேயே முதுகெலும்பு நசுங்கி முறிந்ததாக 2007இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்துள்ளது. விழியில் அம்பு தைத்துப் பார்வை போனவர்கள் உண்டு. கருவுற்ற பெண்ணொருவருக்கு இதன்பின் கருச்சிதைவு நேர்ந்த செய்தி 1992லேயே வெளிவந்தது. பொறி பறக்கும் கருவியாதலால் தீயும் பற்றும்: நியூயார்க் மாநிலத்தில் 2021இல், கை கழுவும் சானிடைசரைத் தம் மேல் ஊற்றிக்கொண்ட ஒருவர்மீது காவல் நிலையத்திலேயே இது பாய்ச்சப்பட, அவர் தீப்பிடித்து, வாரங்கள் கழித்து மருத்துவமனையில் இறந்தார்.

யாரை வைத்துச் சோதித்தார்கள்?

எதிர்த்தரப்பின் வாதத்தை மறைப்பது நேர்மையாகாது. அமெரிக்காவில் 1,201 பேரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், மூவரைத் தவிர ஏனையோருக்குச் சிறு காயமோ, காயமே இல்லாத நிலையோதான் இருந்தது. தடியடியையும் கைகலப்பையும்விட இதனால் காவலருக்கும் பிடிபடுவோருக்கும் காயங்கள் குறைகின்றன என்று காட்டும் ஆய்வுகளும் உள்ளன. கத்தியோடு பாய்பவனைத் தோட்டாவால் வீழ்த்துவதற்கு மாறாக இதனால் வீழ்த்தினால், ஒரு தாயின் பிள்ளை உயிரோடு வீடு திரும்புகிறான். அந்த நன்மையை நான் மறுக்கவில்லை.

எனினும் 2011இல் அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு நிறுவனம் தந்த அறிக்கையைக் கூர்ந்து படியுங்கள். உடல்நலம் உள்ள, பதற்றமற்ற, போதையில் இல்லாத மனிதருக்கு இதனால் பெரும் ஆபத்து உண்டென்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றுதான் அது சொல்கிறது. சிறுவர், முதியோர், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் ஆகியோரைப் பற்றி அதே உறுதியை அது அளிக்கவில்லை. நீண்ட நேரமும் மீண்டும் மீண்டும் பாய்ச்சுவதைக் குறித்தும் எச்சரிக்கிறது. ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் காவலர்களும் தன்னார்வலர்களுமே படுத்தார்கள். கீழே மெத்தை, பக்கத்தில் மருத்துவர். தெருவிலோ, ஓடி இளைத்தவன், மனநோயாளி, போதையில் உள்ளவன், சர்க்கரை குறைந்து புத்தி தடுமாறுகிறவன் ஆகியோரே இக்கருவியின் முன் நிற்கிறார்கள். மெத்தையில் படுத்தவரிடம் எடுத்த கணக்கைத் தெருவில் விழுந்தவருக்கு எப்படிப் பொருத்துவது?

ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2017இல் வெளியிட்ட தொடரில், அமெரிக்கக் காவலர் இதனைப் பயன்படுத்திய பின் இறந்தோர் என 1,005 பேரைக் கணக்கிட்டது. இவர்கள் அனைவரையும் மின்சாரமே கொன்றது என்பதன்று பொருள். 153 மரணங்களில் இக்கருவி காரணமாகவோ துணைக்காரணமாகவோ அதிகாரபூர்வமாகக் குறிக்கப்பட்டிருந்தது. பத்தில் ஒன்பது பேர் ஆயுதம் ஏந்தாதவர். நால்வரில் ஒருவர் மனநோயோ நரம்புக் கோளாறோ உடையவர். நூற்றுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள், நோய்க்கு உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்ததிலிருந்தே தொடங்கியவை என்பதுதான் நெஞ்சைப் பிசைகிறது. உதவிக்கு அழைத்தவர் வீட்டிற்கு உதவியா வந்தது?

அவ்வாறு இறந்தோர் பலரின் சான்றிதழில் நெடுங்காலம் எழுதப்பட்ட சொல் ஒன்றுண்டு: 'கிளர்ச்சியுற்ற சித்தபிரமை'. அதாவது, தம் வெறியினாலேயே செத்தார் என்பது அதன் கருத்து. உலகின் பெரும் மருத்துவ அமைப்புகள் பல அதனை ஒரு நோயாகவே ஏற்றதில்லை. அமெரிக்க அவசர சிகிச்சை மருத்துவர் கல்லூரி 2009இல் அதற்கு ஆதரவாக வெளியிட்ட அறிக்கையை 2023இல் தானே திரும்பப் பெற்றது. பிரேதப் பரிசோதனை மருத்துவர்களின் தேசியச் சங்கமும் அதே ஆண்டு அச்சொல்லைக் கைவிட்டது. கைவிட்டது சரிதான், ஆனால் அச்சொல்லோடு புதைக்கப்பட்டவர்களின் சான்றிதழ்கள் அப்படியேதான் இருக்கின்றன.

ஐந்து நொடியும் முப்பத்து மூன்று நொடியும்

ஆஸ்டன் வில்லா அணிக்காக ஆடிய கால்பந்து வீரர் டாலியன் அட்கின்சனை இங்கிலாந்தில் அறியாதார் இல்லை. 2016 ஆகஸ்டில், சிறுநீரகமும் இதயமும் நலிந்து, மனமும் குழம்பிய நிலையில், தாம் வளர்ந்த வீட்டின் வாசலில் நின்று அவர் கூச்சலிட்டார். வந்த காவலர் ஒரே மூச்சில் 33 நொடிகள் மின்சாரம் பாய்ச்சினார். விழுந்தவரைத் தலையில் உதைக்கவும் செய்தார். ஐந்தாண்டுகள் கழித்து அக்காவலருக்கு எட்டாண்டுச் சிறை கிடைத்தது.

அமெரிக்கக் காவல்துறைகளுக்கான 2011ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், மொத்தம் பதினைந்து நொடிக்கு மேல் செலுத்துவது உயிருக்கு ஆபத்தைக் கூட்டும் என்று எச்சரிக்கின்றன. கர்ப்பிணிகள், முதியோர், சிறு குழந்தைகள், கண்ணால் கண்டாலே மெலிந்தவர் எனத் தெரிவோர் ஆகியோர்மீது செலுத்த வேண்டாம் என்றும் கூறுகின்றன. நெறி ஏட்டில் இருக்கிறது. விரல் விசையில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் கூமா என்ற சிற்றூரில், முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்தவர் கிளேர் நோலண்ட். வயது 95. மறதி நோய் உடையவர். எடை 48 கிலோவுக்கும் குறைவு. 2023 மே 17 அன்று விடியற்காலையில், சமையலறைக் கத்தி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்க மறுத்தார். வாக்கரைப் பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்த அந்த மூதாட்டிமீது காவலர் இக்கருவியை இயக்கினார். அவர் பின்னால் சாய்ந்து தலை அடிபட்டு, ஒரு வாரத்தில் மாண்டார். அவரைக் கொன்றது மின்சாரமன்று, தரைதான் என்று யாரேனும் நுணுக்கம் பேசலாம். கொலைக்குச் சமமல்லாத மனிதவதைக் குற்றம் என்றே 2024 நவம்பரில் நடுவர் குழு தீர்ப்பளித்தது. 2025 மார்ச்சில் விதிக்கப்பட்ட தண்டனை: சிறை இல்லை, இரண்டாண்டு கண்காணிப்பும் 425 மணி நேரச் சமூகப் பணியும்.

இவற்றையெல்லாம் அம்மாணவனுக்கு அவன் வயதுக்கேற்பச் சுருக்கிச் சொன்னேன். வோல்ட்டையும் ஆம்பியரையும் விளக்கக் கரும்பலகையில் தண்ணீர்த் தொட்டிப் படமும் வரைந்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். முடிவில் அவன் கேட்டது மின்சாரத்தைப் பற்றியன்று.

"அந்த உம்மா வெளியிலேதானே நின்னாங்க, ஹஸ்ரத்? உள்ளே இருக்கிறார்னு யாருமே போய்ச் சொல்லலையா?"

"சொல்லவில்லை" என்றேன்.